மூத்தவள் கை பட்ட கறி

காத்தாயி இலுப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீட்டில் அவளுக்கு முன்பே ஒருத்தி இருந்தாள். செத்துப்போனவள்தான். ஆனாலும் இருந்தாள். மசாலா அரைக்கிற அம்மி அவளுடையது. கொடியில் யாரும் எடுக்காமல் தொங்கிய கைத்துண்டு அவளுடையது. வாசல் கடைக்குச் சாப்பிட வருகிறவர்களின் நாக்கில் ஒட்டிக்கிடந்த ருசியும் அவளுடையதுதான். பெயர் பிரகதாம்பாள். மஞ்சள்காமாலை கண்டு போய்ச்சேர்ந்து ஒரு வருஷம் திரும்பியிருந்தது.

அவள் புருஷன் அழகுமலைதான் இப்போது காத்தாயிக்கும் புருஷன். விராலிமலை போகிற சாலையில், வீட்டின் முன்பக்கம் தகரம் இறக்கிக் கடையாக வைத்திருந்தார். மத்தியானம் மட்டும்தான் சோறு. சோறும் ரசமும் எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்தக் கடைக்கு ஆட்கள் வந்தது ஆட்டுக்கறி வறுவலுக்கு. பிரகதாம்பாள் காலையில் கறியை விரவி ஊறவைப்பாள், அழகுமலை மத்தியானம் வாசல் அடுப்பில் வறுத்து எடுப்பார். மினிபஸ் ஓட்டுகிற ஆனந்தராஜ் பயணிகளை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டு வந்து தின்றுவிட்டுப் போவார். பின்னால் ஹாரன் அடித்துக் கூப்பிடுவார்கள். "எலும்புல இன்னும் கறி இருக்குய்யா, பொறுங்க" என்று இங்கிருந்தே கத்துவார். பிரகதாம்பாள் போனபின் வறுவலும் நின்றுபோயிருந்தது.

காத்தாயி பிறந்தது திருவரங்குளத்துப் பக்கம். படுக்கையில் விழுந்த அப்பனைப் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததில் கல்யாண வயது கடந்துபோனது. அப்பன் கண்ணை மூடியதும் அண்ணன் நல்லதம்பி வீட்டில் அவள் தட்டில் விழுகிற சோறு குறைந்தது. போ என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாம் தாரமாகக் கேட்டு வந்தபோது மட்டும் எல்லார் முகமும் மலர்ந்தது. பஸ் ஏற்றிவிடும்போது நல்லதம்பி சொன்னார்: "பக்குவமா இருந்துக்க தாயி. திரும்பி வர்ற மாதிரி மட்டும் வச்சுக்காத."

ஆக, அவளுக்குத் திரும்பிப் போக வாசல் இல்லை. இலுப்பூரில் கால் ஊன்றியாக வேண்டும். கால் ஊன்றுவது என்றால் அந்த வறுவல் சரியாக வந்தாக வேண்டும். அதுதான் கணக்கு.

இரண்டாம் தாரமாக வருகிறவள் மூத்தவளுக்கென்று ஒரு பொன்பொட்டைத் தன் தாலிக்கயிற்றில் கோத்துக்கொள்வது வழக்கம். காத்தாயியும் கோத்துக்கொண்டாள். கோத்துவிட்ட நாத்தனார் வெள்ளையம்மா, குளத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், அழகுமலைக்கு அக்கா, காதோடு சொன்னாள்: "ஒன் கழுத்துல அவளும் இருக்கா. நெனப்பு வச்சுக்க." காத்தாயி தலையாட்டினாள். அன்றிலிருந்து குனிந்து நிமிரும்போதெல்லாம் அந்தப் பொட்டு நெஞ்சில் ஒரு விரல் மாதிரி தட்டியது.

அழகுமலை அதிகம் பேசுகிற ஆள் இல்லை. முதல் நாள் காலையில் மட்டும் கறியை வாங்கிவந்து வைத்துவிட்டு, எதிரே குந்தி உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். கறியை நெல்லிக்காய் அளவுக்கு வெட்ட வேண்டும். மஞ்சள் போட்டு ஒரே ஒரு தண்ணீரில் அலசி, மூங்கில் கூடையில் கொட்டி, ஈரம் சொட்டுவது நிற்கும்வரை தொடக்கூடாது. ஈரக் கறியில் மசாலா நிற்காது, வழுக்கிவிடும். வரமிளகாயை ஊறப்போட்டு அரைக்க வேண்டும், சோம்பும் மிளகும் வறுக்காமல் சேர வேண்டும், சின்ன வெங்காயத்தை நசுக்கினால் போதும், மையாக அரைக்கக்கூடாது. கிடா முற்றலாக இருந்தால் பப்பாளிக்காயைத் தோலோடு துருவி ஒரு பிடி. கடைசியில் நல்லெண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பிசைய வேண்டும்.

"எங்க வீட்டுல ஒரு கை தயிர் விடுவோங்க. கறி பஞ்சா வெந்துரும்" என்றாள் காத்தாயி.

"இங்க தயிர் கெடையாது. அவ விடமாட்டா."

உயிரோடு உள்ளே இருக்கிற ஒருத்தியைச் சொல்வதுபோலச் சொன்னார்.  காத்தாயி தயிர்ச்சட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

எல்லாம் சொன்னவர் உப்பைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. உப்புப் போடுவதை யாரிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்று காத்தாயியும் கேட்கவில்லை. கைக்கணக்குக்குப் போட்டாள். பிசைந்தாள். மசாலா பூசிய கறியை அலுமினிய அன்னக்கூடையில் உள்ளங்கையால் அமுக்கிச் சமம் பண்ணித் தட்டைப் போட்டு மூடினாள். மூடிவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள்.

மத்தியானம் ஆனந்தராஜ் முதல் வாயை வைத்தார். மென்றார். மெல்வதை நிறுத்தினார்.

"ஏம்ப்பா அழகுமலை, கறியைக் கோட்டைப்பட்டினம் கொண்டுபோயி கடல்ல கழுவிட்டு வந்தியா?"

கடையே சிரித்தது. அழகுமலை சிரிக்கவில்லை. முகம் இருண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கிய திரைக்குப் பின்னால் நின்ற காத்தாயிக்குக் காது இரண்டும் சுட்டது. வந்த வேகத்தில் கை கூடிப்போய்விட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் பாதி உப்புதான் போட்டாள். அன்றும் கரித்தது. அதற்கு மறுநாள் விரல் நுனியில் கிள்ளிப் போட்டாள். அன்றும் கரித்தது.

ஆனந்தராஜ் எழுந்து கை கழுவும்போது, "தங்கச்சி, கோவம் இருந்தா அழகுமலைகிட்ட காட்டு. நாங்க என்ன பண்ணுனோம்?" என்றார். தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த நாள் மினிபஸ் கடைவாசலில் நிற்காமல் போனது.

ஒரு நாள் அன்னக்கூடையை அடுப்புக்குத் தூக்கும்போது காத்தாயி மூடியைத் திறந்து பார்த்தாள். கறி தண்ணீர் விட்டு நின்றது. உப்பு ஏறிய கறிதான் அப்படித் தண்ணீர் விடும். அவசர அவசரமாக அலசி, புதுசாக மசாலா பூசிக் கொடுத்தாள். அன்றைக்கு வறுவல் ஆஸ்பத்திரிச் சோறு மாதிரி இருந்தது என்று பேச்சு வந்தது. சாறு போன கறிக்கு வெளியே என்ன பூசினாலும் உள்ளே இறங்குமா?

அதற்குப் பிறகு உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. அவள் சமம் பண்ணி மூடிவைத்த மசாலாவின் மேல் விரல் ஓடிய தடம். நான்கு கோடுகள். அவள் உட்கார்ந்து பிசைகிற பக்கத்திலிருந்து அல்ல, எதிர்ப்பக்கத்திலிருந்து நீண்டு வந்து நின்றிருந்தன. பட்டப்பகல். முற்றத்தில் வெயில் சுரீரென்று அடிக்கிறது.  காத்தாயி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா..." என்றாள். 

பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அந்த முற்றத்தில் அந்த மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அவர்களும் சிரிக்கமாட்டார்கள்.

விஷயம் குளத்தூருக்குப் போய், வெள்ளையம்மா பஸ் ஏறி வந்துவிட்டாள். வறுவலில் ஒரு துண்டை வாயில் போட்டுத் துப்பினாள். தம்பியைப் பார்த்தாள், காத்தாயியைப் பார்த்தாள்.

"இது மனுச உப்பு இல்ல. மூத்தவ கைய வைக்கிறா. அவ சமைச்ச எடத்துல இன்னொருத்தி ஒக்காந்தா சும்மா இருப்பாளா?"

"நான் என்ன மதினி தப்பு பண்ணுனேன்?"

"தப்புன்னு சொன்னேனா? அவளுக்குப் புடிக்கலைங்கிறேன்."

மூத்தவளுக்குப் படையல் போட்டார்கள். அரக்குச் சேலை, மல்லிகைப் பூ, கண்ணாடி வளையல், இலையில் சோறு, சோற்றுக்கு மேல் கறி. காத்தாயி விழுந்து கும்பிட்டாள். "அக்கா, ஒங்க எடத்தைப் புடுங்க வரல. எனக்குப் போக்கெடம் இல்ல. இங்கிட்டு ஒரு ஓரமா இருந்துக்கிறேன்" என்று மனசுக்குள் மன்றாடினாள். படைத்துவிட்டு, அந்தக் கறியை ஆளுக்கொரு துண்டு வாயில் வைத்தார்கள். உப்பு நாக்கை அரித்தது.

வெள்ளையம்மா எழுந்து சேலையை உதறினாள். "இந்த அமாவாசை வரைக்கும் பாப்போம். அதுக்கும் சரிப்படலைன்னா நல்லதம்பியை வரச்சொல்லிப் பேசிக்கிருவோம். ஒருத்தி ஆவி நோக இன்னொருத்தியை வச்சுக் குடும்பம் நடத்த முடியாது."

காத்தாயி புருஷனைப் பார்த்தாள். அழகுமலை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலையில் காத்தாயி ஒரு முடிவு பண்ணினாள். கறியை விரவினாள். உப்பில் கையே வைக்கவில்லை, ஒரு கல்கூட. சமம் பண்ணி மூடினாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பினாள். கொல்லைப்பக்கம் சுற்றிவந்து, முற்றத்து ஓரத்து விறகு அடுக்குக்குப் பின்னால் குந்தினாள்.  வரட்டும், மூத்தவள் வந்தால் அவள் முகத்தையாவது பார்த்துவிடுவோம், பார்த்துக் கேட்டுவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

வந்தது அழகுமலை.

கடையிலிருந்து துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அன்னக்கூடைக்கு எதிரே, அன்று மசாலா சொல்லிக்கொடுத்தபோது உட்கார்ந்த அதே இடத்தில் குந்தினார். மூடியை எடுத்து வைத்தார். உப்புச்சாடியை மடியில் வைத்துக்கொண்டார்.

"விரவிட்டியா?" என்றார்.

எதிரே யாரும் இல்லை. சுவரும் வெயிலும்தான்.

கையில் உப்பை அள்ளித் தூவ ஆரம்பித்தார். தூவினார், தூவினார். எதிரே இருந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டே தூவினார். ஏதோ ஒன்றுக்குக் காத்திருப்பவர் மாதிரி தலையைச் சற்றுச் சாய்த்திருந்தார். காது கேளாதவர்கள் சாய்ப்பார்களே, அப்படி. வெகுநேரம் போனபின், யாரோ சொன்னதுபோல, சட்டென்று கை நின்றது. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணம் ஆன நாளாகக் காத்தாயி பார்த்திராத சிரிப்பு. விரல்களால் கறியை ஒரு தரம் கிளறிவிட்டு, மூடிவிட்டு, எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

காத்தாயி விறகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள். மூத்தவள் வந்திருந்தால்கூட இத்தனை நடுக்கம் வந்திருக்காது. அந்தச் சிரிப்பு அவளை ஆட்டிவிட்டது.

பக்கத்து வீட்டு அடைக்கலமேரி ஜாக்கெட் தைக்கிறவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆள் உயரச் சுவர். காத்தாயி நேராக அவளிடம் போனாள்.

"ஏங்கக்கா, மூத்தவுங்க கறிக்கு உப்பு எப்பப் போடுவாங்க?"

அடைக்கலமேரி மிஷினை நிறுத்தினாள். "அவளா? அவ உப்பைத் தொடவே மாட்டாளேத்தா. கறியில கைய வச்சுட்டா உப்புச்சாடி பக்கம் போகமாட்டா. ஈரக்கை பட்டா சாடி உப்பு பூராக் கசிஞ்சு போகும்பா. அழகுமலைதான் போடணும். 'போடுங்க'ன்னு ஒரு சத்தம் வரும், அப்புறம் 'போதும்'னு ஒரு சத்தம் வரும். கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்புடித்தான். ஏன், ஒனக்கு யாரும் சொல்லலையா?"

"சொல்லலைக்கா."

அடைக்கலமேரி கழுத்துச் சிலுவையைத் தொட்டாள். குரலைத் தாழ்த்தினாள். "இப்பவும் சில நாளு சுவருக்கு அங்கிட்டு 'போதும்'னு கேக்குற மாதிரி இருக்கும். நீதான் சொல்றியாக்கும்னு நெனச்சுக்குவேன்."

"நான் அப்புடி ஒரு நாளும் சொன்னதில்லக்கா."

 இரண்டு பேரும் தைக்காமல் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். மூத்தவள் அல்ல, உன் தம்பிதான் என்று சொல்லித் தலைநிமிர்ந்திருக்கலாம். காத்தாயி போடவில்லை. சொன்னால் அவருக்குக் கிறுக்கு என்பார்கள், வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவளுக்கு அது மனசு வரவில்லை. அதற்காக விட்டுக்கொடுக்கவும் அவள் தயாராக இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு அண்ணன் வாசலில் போய் நிற்கப் பிறந்தவள் இல்லை அவள்.

மறுநாள் கறியை விரவினாள். மூடவில்லை. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் மசாலா. அப்படியே உட்கார்ந்து கடைப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏங்க! வந்து உப்புப் போடுங்க."

அழகுமலை வந்து நின்றார். 

"நீயே போட்டுக்க புள்ள."

"கையெல்லாம் மசாலா. போடுங்க."

"நீ குழாயடிக்குப் போ. நான் பாத்துக்குறேன்."

"போகமாட்டேன். நேத்தும் போகல. வெறகுக்குப் பின்னாடி இருந்தேன்."

அவர் அப்படியே குந்திவிட்டார். உப்புச்சாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டே, "யார்கிட்டயும் சொன்னியா?" என்றார்.

"சொல்லல. ஆனா நீங்க சொல்லியிருக்கணும். படையல் போட்ட அன்னைக்கு மதினி என்னைய அனுப்பிருவேன்னு சொன்னாங்களே, அப்பக்கூட வாயைத் தொறக்கலையே நீங்க. நான் போனாப் பரவாயில்லையா?"

"தொறந்தா..." சாடியின் விளிம்பைத் தடவினார். "தொறந்து சொல்லிட்டா அப்புறம் அவ வரமாட்டா, காத்தாயி."

காத்தாயிக்கு வந்த கோபம் பாதி வழியில் நின்றுபோனது.

"கை வச்சதும் 'போதும்'பா முன்னெல்லாம்" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "இப்ப ரொம்ப நேரம் ஆகுது. தூரத்துலேருந்து சொல்ற மாதிரி இருக்கு. நான் போட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு நாளைக்குச் சொல்லாமலே போயிருவாளோன்னு பயமா இருக்கு."

"போடுங்க" என்றாள் காத்தாயி. மெதுவாகத்தான் சொன்னாள்.

அவர் உப்பை அள்ளினார். தூவ ஆரம்பித்தார். கண் அவள் தோளுக்கு மேலாகப் போய் எங்கோ நின்றது.  காத்தாயி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்து ஓடிவிடுவோம் என்று தெரியும். கறியைப் பார்த்தாள். மசாலா மேல் உப்பு ஒரு பரவல் விழுந்து வெளுத்தது.

"போதும்" என்றாள்.

கை நிற்கவில்லை.

"போதும்ங்க."

நிற்கவில்லை. அவர் தலை சாய்ந்து வேறெங்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தது. உப்பு அவள் விரல்மேலும் விழுந்தது. இப்போது நிறுத்தாவிட்டால் எப்போதும் நிறுத்த முடியாது என்று அவளுக்குப் பட்டது. மசாலாக் கையோடு அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது அந்தக் கை.

"அவ இன்னும் சொல்லல" என்றார்.

"நான் சொல்லிட்டேன்ல? அக்கா வரட்டும். வந்து இங்கிட்டு ஒக்காரட்டும். ஒங்களைப் பாக்கட்டும், என்னையும் பாக்கட்டும், நான் வேணாங்கல. ஆனா கறி விரவுறது நான். உப்பு நான் சொன்ன எடத்துல நிக்கணும். இல்லேன்னா இந்த வீட்டுல நான் எதுக்கு?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து இப்போதுதான் நேராகப் பார்த்தார் என்று அவளுக்குத் தோன்றியது. கையிலிருந்த மிச்ச உப்பு சாடிக்குள் விழுந்தது. மிளகாய் எரிந்ததோ என்னவோ, மணிக்கட்டைத் துண்டில் துடைத்தார். பிறகு கண்ணையும் அதே துண்டில் துடைத்தார். மிளகாய் கண்ணில் ஏறிவிட்டது.

"அய்ய, அதே துண்டா? தண்ணியை ஊத்துங்க, தண்ணியை ஊத்துங்க" என்று காத்தாயி பதறினாள். அவர் குடத்தடியில் உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். தோள் குலுங்கியது. எரிச்சலுக்கு அழுகிறவரை யாரும் ஏன் அழுகிறாய் என்று கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை. மேலாகக் குவிந்திருந்த உப்பை வழித்துத் தூரப் போட்டுவிட்டு, துண்டு துண்டாகப் பிசைந்து மூடினாள்.

அன்றைக்கு மத்தியானம் கடையில் நாலைந்து பேர்தான். ஆனந்தராஜை அழகுமலையே சாலையில் நின்று கைகாட்டிக் கூட்டிவந்தார். அவர் கறியை மோந்து பார்த்து, ஓரமாகக் கடித்தார். திரைக்குப் பின்னால் காத்தாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா இது?" என்றார் ஆனந்தராஜ். "ஊருக்குள்ள உப்புக்குப் பஞ்சமா? சப்புன்னு இருக்கு."

அழகுமலை திரும்பித் திரையைப் பார்த்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "கம்மியா இருந்தா கேட்டு வாங்கிப் போட்டுக்கங்கண்ணே. கூடிப்போனாத்தான் யாரும் எடுக்க முடியாது."

"அடேயப்பா, தங்கச்சி பேசுதே!" ஆனந்தராஜ் ஒரு கிள்ளு உப்பு வாங்கித் தூவிக்கொண்டார். பிறகு தலை நிமிராமல் தின்ன ஆரம்பித்தார். சாலையில் ஹாரன் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

அமாவாசைக்கு வெள்ளையம்மா வந்தாள். சாப்பிட்டாள். மூத்தவள் மனசு இறங்கிவிட்டாள் என்று அவளாகவே சொல்லிக்கொண்டு, பூ வாங்கி வைத்துவிட்டு, நல்லதம்பி பேச்சை எடுக்காமல் பஸ் ஏறிப்போனாள். யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

காத்தாயி இன்றைக்கும் இலுப்பூரில்தான் இருக்கிறாள். காலையில் கறியை விரவிவிட்டு "போடுங்க" என்பாள். அழகுமலை வந்து குந்துவார். உப்பு விழும். அந்த நேரம் இரண்டு பேரும் மூச்சுக் காட்டமாட்டார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவும் மாட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷினும் நின்றுவிடும். கொடியில் காய்கிற துணி மட்டும் ஆடும், காற்று இல்லாத நாளிலும் சில சமயம் ஆடும்.

பிறகு காத்தாயி "போதும்" என்பாள். கை நிற்கும்.